பழைய எலானும் புதிய எம்எக்ஸ்-5உம்

கூரையைத் திறந்து வைத்து இருவர் மட்டுமே செல்லக்கூடிய சிறு காருக்கு ரோட்ஸ்டர் என்று பெயர். குடும்பத்துக்கு உதவாது, பெட்டி வைக்க இடம் போதாது, நம் நாட்டு வெயிலுக்கும் புழுதிக்கும் ஏற்றதன்று. ஆயினும் அதன்மீது ஆசை கொண்டோர் எந்நாளும் உண்டு. அவர்கள் நாட வேண்டியது பழைய வண்டியையா, புதியதையா? புகழ்பெற்ற இரு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

முதலாவது, இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1962இல் அறிமுகம் செய்த எலான். நடுவே முதுகெலும்பு போன்றதோர் எஃகுச் சட்டம். அதன்மேல் கண்ணாடியிழையால் ஆன உடல். எடை ஏறத்தாழ 680 கிலோ. எஞ்சின் 105 குதிரைத்திறன். இரண்டாவது, ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் சிகாகோ கண்காட்சியில் தோன்றியபோதே அதன் முகத்தில் எலானின் சாயல் இருந்தது. 2015இல் வந்த நான்காம் தலைமுறை வண்டி, 1.5 லிட்டர் எஞ்சினுடன் ஏறத்தாழ 1,000 கிலோ எடையும் 131 குதிரைத்திறனும் உடையது.

கணக்குப் பார்ப்பது நம் தொழில். எலானில் ஒரு குதிரைத்திறனுக்கு ஆறரை கிலோ சுமை. எம்எக்ஸ்-5இலோ ஏழரைக்கும் மேல். அரை நூற்றாண்டு கடந்தும் இதில் பழையதே முந்துகிறது! ஆனால் கூடிய எடை வீண் எடையன்று. காற்றுப்பைகளும், பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கதவுகளும், ஏபிஎஸ் பிரேக்கும் அதில் அடங்கும். எலானில் இவை எவையும் இல்லை.

எலானின் முகப்பு விளக்குகள் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தின் விசையால் மேலெழுபவை. அவ்வெற்றிடத்தைச் சேமிக்கும் கலமாகச் சட்டத்தின் முன்பகுதியே பயன்படுகிறது. அங்கே துரு ஏறி ஓட்டை விழுந்தால், இரவில் விளக்குகள் தூக்கக் கலக்கத்துக் கண்களைப் போல் மெல்ல மூடிக்கொள்ளும். கண்ணாடியிழை உடல் துருப்பிடிக்காது. உள்ளிருக்கும் சட்டம் துருப்பிடிக்கும். பளபளப்பைக் கண்டு விலை பேசுவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

மாஸ்டா நம் நாட்டில் கார் விற்பதில்லை. எலானும் இங்கே அரிது. எனினும், எந்தப் பழைய காரை விரும்புவோர்க்கும் இதே கணக்குப் பொருந்தும். காப்பீட்டுத் தேய்மானப் பட்டியலின்படி, புதிய கார் ஐந்தாம் ஆண்டில் பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. பழைய காருக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. வண்டியின் நிலையே அதன் மதிப்பு. அதனால் ஈடாக ஏற்பதற்கு வங்கிகள் தயங்குவது இயல்பே. மேலும், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, மூல வடிவம் மாறாத 50 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனத்தைப் புதிதாக விண்டேஜ் எனப் பதிய ரூ.20,000 கட்டணம், பதிவு 10 ஆண்டுகள் செல்லும். பதிவெண்ணில் ‘விஏ’ எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். நாள்தோறும் அலுவலகம் செல்ல இயலாது.

ஆகவே தவணை கட்டி ஓட்டுவதற்குப் புதிய காரே தக்கது என்பது நம் கருத்து. பழையதை வாங்குவோர் கடன் பெறாமல், கையிருப்பின் உபரியிலிருந்து வாங்கட்டும். விலைக்கு மேலாகப் பழுதுபார்ப்புக்கென ஒரு தொகையை வைப்புநிதியாக ஒதுக்கி வைக்கட்டும். எலானின் சட்டத்தை மாற்ற வேண்டுமெனில் உடலையே கழற்றி எடுக்க வேண்டும். எனவே விலை பேசுமுன் வண்டியை உயரத் தூக்கி, அடிப்பாகத்தை விளக்கொளியில் காட்டக்கூடிய பணிமனைக்குக் கொண்டுசெல்லுதல் நலம்.