கடல் கடந்து பேசும் கைவானொலி: எதை வாங்குவது?

வாடைக்காலம் தொடங்கிவிட்டால் நெடுந்தீவு வீடுகளில் பெண்களின் காது கடற்பக்கமே இருக்கும். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர்தான். ஆனால் காற்று மாறிவிட்டால் அந்த ஒரு மணி நேரப் பயணம் எத்தனை மணி நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைத்தொலைபேசி வந்த பிறகு பாதிக் கவலை தீர்ந்தது உண்மை. மீதிப் பாதி, புயலில் மின்சாரம் போய், கோபுரமும் செயலிழக்கும் நாளுக்கு உரியது.

அந்த நாளை நினைத்தே இன்று தீவுப்பகுதிப் பிள்ளைகள் சிலர் 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியில் நாட்டம் கொள்கிறார்கள். "உம்மா, டிஜிட்டல் கைக்கருவி ஒன்று வேண்டும்" என்று மகனோ மகளோ கேட்கும்போது, பணம் கொடுக்கும் தாய்மாருக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லதல்லவா?

முதலில் அனுமதிப்பத்திரம். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி, அனுமதியும் அழைப்புக் குறியும் பெற்ற பிறகே ஒலிபரப்பலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவிக்கும் அனுமதி வேண்டும். கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பரீட்சையைப் பிறகு பார்ப்போம் என்பது சுங்கத்தில் பறிகொடுக்கும் வழி.

இது ஆண்களின் விளையாட்டு என்று யாரும் எண்ண வேண்டாம். ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு அந்தமானுக்குச் சென்றிருந்தார். வியூ 4 ஆர்பிஐ என்பது அங்கே அவருடைய அழைப்புக் குறி. டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்து ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்துபோன போர்ட் பிளேயரிலிருந்து, உயிரோடிருப்பவர்கள் பற்றிய தகவல்களை வெளியுலகுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தார் அவர். அதே நாட்களில் இங்கே விக்டர் குணதிலகவும் அவருடைய தோழர்களும் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு வானொலியால் இணைத்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரு இடத்திலும் கைகொடுத்தது சிற்றலை வானொலி; நீண்ட கம்பி அன்ரெனாவோடு மேசையில் இருக்கும் கருவி. கையில் பிடிக்கும் கருவி வேறு வகை. அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். பூமி வளையும் இடத்தில் அதன் தூரம் முடிந்துவிடும். கடற்கரையில் நிற்கும் இருவர், கருவியை 1.5 மீற்றர் உயரத்தில் பிடித்தால், கிட்டத்தட்ட 10 கிலோமீற்றர் வரை பேசலாம். அதாவது குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே மட்டுமட்டாக எட்டும். ஒரு பக்கத்து அன்ரெனாவை 15 மீற்றர்க் கம்பத்தில் ஏற்றினால் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் கிடைக்கும். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாண நகரமோ 30 கிலோமீற்றருக்கு மேல். அங்கே எட்ட இரு பக்கமும் உயர்ந்த கம்பம் வேண்டும், அல்லது நடுவிலே ஓரிடத்தில் 'றிப்பீற்றர்' எனும் எதிரொலி நிலையம் வேண்டும். எனவே கருவிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கம்பத்துக்கும் அன்ரெனாவுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். 5 வாற்று ஆற்றலுள்ள எல்லாக் கைக்கருவிகளும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். விலை கூடியது அதிக தூரம் போகாது.

அப்படியானால் 'டிஜிட்டல்' எதற்கு? குரலை எண்களாக்கி அனுப்புவதால் இரைச்சல் குறையும். பேசுபவரின் அழைப்புக் குறி திரையில் தெரியும். ஆனால் எல்லை தாண்டினால் குரல் மெல்ல மங்காது, சட்டென்று அறுந்துவிடும். பழைய அனலொக் முறையிலோ இரைச்சலுக்கு நடுவிலும் "காப்பாற்றுங்கள்" என்ற ஒரு சொல்லாவது காதில் விழும்.

டிஜிட்டலிலும் மூன்று 'மொழிகள்' உண்டு. டி-ஸ்டார் ஜப்பானிய அமெச்சூர் சங்கம் உருவாக்கியது. ஐகொம் கருவிகளில் வருவது. சி4எஃப்எம் யேசு கம்பனியின் முறை. டிஎம்ஆர் ஐரோப்பாவில் 2005இல் வகுக்கப்பட்ட தரம். விலை குறைந்த சீனக் கருவிகளும் இதைப் பேசும், ஆனால் கணினியில் இணைத்து அலைவரிசைகளைப் பதிவது புதியவருக்குத் தலைவலிதான். ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது. ஆகவே பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்தக் கம்பனி?" என்பதல்ல, "மறுகரையில் உன்னோடு பேசப் போகிறவரிடம் என்ன இருக்கிறது?" என்பதே. விடை தெரியாவிட்டால், அனலொக் எஃப்எம் நன்றாக வேலை செய்யும் கருவியையே எடுங்கள். மூன்று வகையிலும் அது பொதுவாக உண்டு.

'ஹொட்ஸ்பொட்' என்ற சிறு பெட்டியை வைத்துக்கொண்டு லண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பவரோடு பேசலாம் என்று காட்டுவார்கள். பேசலாம், மறுக்கவில்லை. ஆனால் அது போவது இணையத்தின் வழியே. கோபுரம் விழுந்த அன்று அந்தப் பெட்டியும் ஊமைதான்.

பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அமெச்சூர் அலையில் பேசுவதை யாரும் கேட்கலாம். இரகசியக் குறியீட்டில் பேச அனுமதியில்லை, கருவியில் அந்த வசதி இருந்தாலும்கூட. வீட்டுச் சங்கதி, பண விவகாரம், வியாபாரப் பேச்சு இதில் கூடாது. உயர்ரகக் கருவிகளில் ஜிபிஎஸ் உண்டு. நிற்கும் இடத்தைத் தானாகவே அலையில் அறிவித்துக்கொண்டிருக்கும். கடலில் அது உயிர் காக்கும். வீட்டில் இருக்கும்போது அணைத்துவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடலுக்குப் போகும் கணவருக்கோ மகனுக்கோ இதை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. படகுகளுக்கென்று தனியே கடல்சார் வானொலி உண்டு, 156.8 மெகாஹேர்ட்ஸில் உள்ள 16ஆம் அலைவரிசைதான் ஆபத்து அழைப்புக்குரியது. படகுக்கு அதுவே வேண்டும்.

இனிப் பற்றரி. 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சில்லைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் செய்தி கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாதாரண உலர்மின்கலம் போட உறையுள்ள கருவியா, 12 வோல்ட் சூரியத் தகட்டிலிருந்து ஏற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். இவ்விரண்டும் இல்லாத கருவி எத்தனை அழகாக இருந்தாலும் மூன்றாம் நாள் வெறும் பெட்டிதான்.

நீர்ப்பாதுகாப்புக்கு 'ஐபிஎக்ஸ்7' என்று எழுதியிருந்தால் 1 மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அது நன்னீரில் செய்யும் சோதனை. உப்புக்காற்று வேறு கணக்கு. படகிலிருந்து இறங்கியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பற்றரியைக் கழற்றிப் பித்தளை முனைகளை உலர்த்திவையுங்கள். பச்சை பிடித்துவிட்டால் அடுத்த முறை கருவி மின்னேறாது.