குலசை தசரா வேடம்

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா விழாவில் பக்தர்கள் நேர்த்திக்கடனாகப் புனையும் கோலம் தசரா வேடம் ஆகும். காளி, குரங்கு, குறவர், பிச்சைக்காரர் எனப் பல வேடங்கள் உண்டு. விரதமிருந்து காப்புக் கட்டியவர்கள் ஊர் ஊராகத் தர்மம் எடுத்து, கிடைத்த காசைக் கோயிலில் செலுத்துகின்றனர். வசதி படைத்தவரும் கையேந்தியே ஆகவேண்டும். வேடத்தின் உயிரே அதுதான். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிசாசுர சம்காரம் நடைபெறும்.

நைசீரியாவின் இக்போ மக்களிடமும் இதை ஒத்த முகமூடி மரபு உண்டு. அங்கு முகமூடி அணிந்தவர் முன்னோரின் ஆவியாகவே மதிக்கப்படுகிறார். உள்ளிருப்பவர் யாரென வெளிப்படுத்துவது பெருங்குற்றம். சினுவா அச்செபேயின் 1958ஆம் ஆண்டுப் புதினத்தில், ஒருவன் அந்த முகமூடியைக் களைந்ததால் ஊரார் தேவாலயத்தையே அழிக்கின்றனர்.

குலசையில் முகத்தை மறைக்கும் கட்டாயம் இல்லை. காளி வேடமிட்டவர் அடுத்த தெருக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே அவரை அம்மனாகக் கருதி அருள்வாக்குக் கேட்கின்றனர்.