குழிக்குள் ஆள் இறக்கும் முன்

2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதியிலுள்ள ஓர் இறப்பர் தொழிற்சாலையில் அமோனியா தாங்கியொன்றுக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். அந்தச் சம்பவத்தில் மௌத்தானவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் அவரைத் தூக்கியெடுக்கப் போனவர்கள். ஊர்க்காரர்களும் அவர்களில் இருந்தனர்.

இந்தக் கணக்கு புதிதல்ல. அடைபட்ட இடங்களில் இறப்போரில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவகம் 1986இலேயே எழுதி வைத்தது. தம்பி மயங்கினால் நானா குதிப்பார், நானாவைத் தேடி மச்சான் குதிப்பார். குடும்பத்தோடு தொழில் செய்யும் நம்மவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம்.

“எனக்கென்ன தொழிற்சாலையா இருக்கிறது?” என்று வாசகர் கேட்கலாம். ஹோட்டலுக்குப் பின்னால் மூடிபோட்ட கழிவுக் குழி இருக்கிறதல்லவா? அரிசி ஆலைக்காரரிடம் நெல் ஊறவைக்கும் தொட்டியும், எலிவேட்டர் குழியும் உண்டு. எண்ணெய் வியாபாரியிடம் இரும்புத் தாங்கி, பலநாள் படகுக்காரரிடம் மீன் அறை, தோட்டக்காரரிடம் கிணறு. ஆள் உள்ளே போக முடியும், ஆனால் வாசல் சிறிது, காற்றோட்டம் இல்லை, அவசரத்துக்கு ஓடி வெளியே வர முடியாது என்றால் அதுதான் அடைபட்ட இடம்.

அங்கே கொல்வது என்ன? நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 20.9 பங்கு ஒட்சிசன். இது 19.5க்குக் கீழே போனால் அந்த இடத்தில் வேலை செய்யக் கூடாது. பத்துக்குக் கீழே போனால் ஆள் மயங்கி விழுவார். மூச்சு முட்டுகிறது, ஏறிவிடுவோம் என்று யோசிக்கக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. நெல்லோ மீனோ அழுகும்போதும் புளிக்கும்போதும் ஒட்சிசன் செலவாகி, காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமான காபனீரொட்சைட்டு அடியில் தேங்குகிறது. ஒன்றுமே இல்லாத வெறும் இரும்புத் தாங்கியும் ஆபத்துத்தான். நெடுநாள் மூடிக் கிடந்தால் உட்சுவர் துருப்பிடிப்பதே உள்ளிருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். “சுத்தமான தாங்கிதானே” என்று தலையை விடுபவர் இதை அறிவதில்லை.

கழிவுக் குழியின் எமன் ஐதரசன் சல்பைட்டு. கூழ்முட்டை வாடை அடிக்கும் வாயு. இதன் சூழ்ச்சி என்னவென்றால், கொஞ்சமாக இருக்கும்போதுதான் வாடை தெரியும். பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறியதும் மூக்கு மரத்துப் போகிறது. வாடை போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் வேளை மிக மோசமான வேளையாக இருக்கலாம். ஆயிரம் பங்கானால் ஓரிரு மூச்சில் முடிந்துவிடும். இன்னொன்று, குழி அமைதியாகக் கிடக்கும்போது இந்த வாயு சேற்றுக்குள் அடங்கியிருக்கும். ஆள் இறங்கி மண்வெட்டியால் கிளறியதும் ஒரேயடியாகக் கிளம்பும். அதனால் காலையில் பார்த்தோம், ஒன்றுமில்லை என்பது பதினொரு மணிக்கு உதவாது.

கிணறு இறைப்பவர்கள் பெற்றோல் பம்பியைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிடுவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். காரணமில்லாமல் அல்ல. மேலே வைத்த பம்பி சுமார் 25 அடி ஆழத்துக்கு மேல் நீரை உறிஞ்சித் தராது. ஆனால் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆழக் கிணற்றுக்கு நீரில் மூழ்கும் மின்பம்பிதான் வழி. அதுவும் மின்சாரம் ஓடும்போது தண்ணீருக்குள் ஆள் நிற்கக் கூடாது.

விளக்கை அல்லது மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அணைந்தால் ஒட்சிசன் குறைவு என்பது சரி. அணையாவிட்டால் பாதுகாப்பு என்பது பிழை. ஆளைக் கொல்லும் அளவு ஐதரசன் சல்பைட்டோ காபனோரொட்சைட்டோ இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். கழிவுக் குழியில் மெதேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைக்கும். மூக்கில் துணி கட்டுவதும், பார்மசியில் வாங்கும் முகக்கவசமும் வாயுவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து குழிக்குள் விடுவது புத்திசாலித்தனமாகத் தோன்றும், ஆனால் ஒரு தீப்பொறியில் ஆளின் உடையே பற்றியெரியும்.

சரியான முறை, முடிந்தவரை ஆளை இறக்காமலே வேலையை முடிப்பது. கலி பவுசரை அழைத்து உறிஞ்சி எடுக்கலாம், மேலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவலாம். பவுசர் செலவு அதிகம் என்று முதலாளிமார் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். ஒரு ஜனாஸாவையும், அனாதையாகும் பிள்ளைகளையும் அந்தச் செலவோடு வைத்துப் பார்க்கட்டும்.

இறக்கியே ஆக வேண்டுமென்றால் முதலில் கலக்கி, அரைவை, பம்பி எல்லாவற்றின் மின்சாரத்தையும் துண்டித்து, பியூசைக் கழற்றி இறங்குபவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். பிறகு ஊதுவிசிறியின் குழாயை அடிவரை இறக்கி நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். வேலை முடியும்வரை அது ஓட வேண்டும். விசிறி காற்றை இழுக்கும் பக்கத்தில் ஜெனரேட்டரோ லொறியோ புகை விட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. காற்றை அளக்க நான்கு வாயு மானி என்று கைக்கடக்கமான கருவி இருக்கிறது. ஒட்சிசன், எரியும் வாயு, ஐதரசன் சல்பைட்டு, காபனோரொட்சைட்டு நான்கையும் காட்டும். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். இறங்குபவரின் மார்பிலும் அது தொங்க வேண்டும். இக்கருவி மலிவல்ல, காலத்துக்குக் காலம் சரிபார்க்கவும் வேண்டும். ஒவ்வொரு ஆலைக்காரரும் தனித்தனியே வாங்குவதைவிட, ஊரின் வர்த்தகர் சங்கம் ஒன்றை வாங்கி, விசிறியோடும் முக்காலிக் கப்பியோடும் வாடகைக்குக் கொடுத்தால் என்ன? பந்தலும் கதிரையும் அப்படித்தானே கொடுக்கிறோம்.

இறங்குபவருக்கு உடம்பைச் சுற்றிய பட்டி, அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை கப்பியில். வெளியே ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது, தேநீர் வாங்க அனுப்பவும் கூடாது. உள்ளே இருப்பவர் பேச்சுக்குப் பதில் தராவிட்டால் கப்பியைச் சுற்றி இழுப்பதே அவர் கடமை. தலையைக்கூட உள்ளே விடக் கூடாது என்று முன்கூட்டியே கட்டாயமாகச் சொல்லி வைக்க வேண்டும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே ஆபத்தான வாயுவுள்ள இடங்களில் இறங்குவது பற்றிய விதிகள் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி வேலையாளுக்கு நட்டஈடும் உண்டு. கொந்தராத்துக்காரர் கூட்டிவந்த நாட்கூலி ஆள் என்று கையைக் கழுவிவிடலாம் என எண்ணுபவர்கள் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஆலோசனைக்குத் தொழில் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது.

ஏற்கெனவே ஒருவர் விழுந்துவிட்டால் குதிக்க வருபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். விசிறி இருந்தால் காற்றைச் செலுத்திக்கொண்டே தீயணைப்புப் பிரிவுக்கு 110ஐயும், அம்புலன்ஸுக்கு 1990ஐயும் அழையுங்கள். உள்ளே போக வேண்டியது சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்பு வீரர்தான். இந்த இரண்டு இலக்கங்களையும் குழி மூடியின் மேலேயே பெயின்டால் எழுதி வைக்கலாம். அத்தோடு மூடிக்கு ஒரு பூட்டும் போடுங்கள்.