மாட்டுங்கா அட்டைகளும் யாஸ் கருவியும்

மும்பை மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ., ஐ.சி.டி., ரூயா, பொதார் என்று கல்லூரிகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. செம்பூரை ஒட்டி, தேவ்னாரில், டாட்டா சமூக அறிவியல் கழகம். நூற்பட்டியல் அட்டைகளின் காலத்தில் இவற்றில் ஒரு நூலகத்தின் இருப்பு இன்னொன்றுக்குத் தெரியாது. தாராவியிலிருந்து வரும் மாணவன் ஒவ்வொரு வாசலாக ஏறி விசாரிக்க வேண்டும். ஒரே புத்தகத்துக்கு ஒவ்வொரு நூலகரும் தனித்தனியாக அட்டை எழுதினார்கள். எத்தனை பேருடைய உழைப்பு அதில் கரைந்திருக்கும்!

ஒரு நூலகத்தின் கணினி இன்னொன்றிடம் நேரடியாகக் கேட்பதற்கான நெறிமுறை இசட்39.50. 1988இல் அமெரிக்கத் தரமாக வந்தது; 1998இல் ஐ.எஸ்.ஓ. 23950 ஆனது. கேள்வியையும் பதிலையும் இறுக்கமான பைட் வரிசைகளாகக் கட்டி அனுப்பும் முறை அது. அதை நிரலாளர் தாமே எழுதுவது பெரும்பாடு. கோபன்ஹேகனில் 1994இல் தொடங்கிய இண்டெக்ஸ் டேட்டா நிறுவனம் அந்த வேலையை சி மொழியில் செய்து, யாஸ் என்ற பெயரில் இலவசமாகவே கொடுத்தது. அதனுடன் வரும் சிறு நிரலில் ஓப்பன், ஃபைண்ட், ஷோ என்று மூன்று கட்டளைகள் தந்தால் போதும், தொலைவிலுள்ள நூலகத்தின் பதிவு திரையில் வந்துவிடும். வலை வழியாக எக்ஸ்.எம்.எல்.லில் பதில் தரும் எஸ்.ஆர்.யு. நெறிமுறையும் யாஸுக்குத் தெரியும்.

நியூசிலாந்தில் 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய கோஹா நூலக மென்பொருளும் யாஸை நம்பியே இருக்கிறது. கோஹாவை நம் நாட்டுக் கல்லூரிகள் பல இன்று பயன்படுத்துகின்றன. நூலகர் ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டினால், அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் யாரோ செய்து வைத்த பதிவு அப்படியே வந்து சேர்கிறது. மறுபடி எழுத வேண்டியதில்லை.

தமிழ்ப் புத்தகத்துக்குத்தான் இந்தச் சுகம் பாதியில் நிற்கிறது. அமெரிக்க அரசின் பி.எல். 480 திட்டத்தின் கீழ் 1962 முதல் இந்தியப் புத்தகங்கள் அமெரிக்க நூலகங்களுக்குப் போயின. ஆனால் நூலகப் பதிவுகளுக்கான பழைய மார்க்-8 எழுத்துத் தொகுப்பில் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் நம் ஆசிரியர்களின் பெயர்கள் மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் இட்ட ரோமன் எழுத்தில் பதிவாயின. மார்க்-8ஐ யூனிகோடாக மாற்ற யாஸ் உதவும். ரோமனைத் தமிழாக்குவது அதன் வேலை அல்ல. அது மனிதர் செய்ய வேண்டியது.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்ப் புத்தகங்களைக் காத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பையும் ஆசிரியரையும் தமிழ் எழுத்திலேயே பதியுங்கள். உங்கள் பதிவை வெளியார் கேட்டுப் பெறும் வசதி கோஹாவில் தானாகத் திறந்திருக்காது. அமைப்புக் கோப்பில் நாம்தான் இயக்க வேண்டும். அதையும் இயக்கிவிடுங்கள்.