வரும் நோயும் இருக்கும் நோயும்

காய்ச்சல் வரும், விடும். அம்மை போடும், இறங்கும். ஆனால் ‘அவருக்கு சுகர் இருக்கு’, ‘பிரஷர் இருக்கு’ என்றுதான் பேசுகிறோம். வருதல், இருத்தல் என்ற இந்த இரண்டு வினைகளுக்கும் இடையில்தான் இன்றைய மருத்துவ அமைப்புகளின் பெரிய சிக்கல் கிடக்கிறது என்று நினைக்கிறேன். மருத்துவம் முன்னதைத் தீவிர நோய் என்கிறது, பின்னதை நாள்பட்ட நோய் என்கிறது. தீவிரம் என்றால் இங்கே கடுமை என்று பொருளல்ல. சட்டென்று வந்து, சீக்கிரமே நல்லதோ கெட்டதோ ஒரு முடிவைக் காண்பது. ஆக, இது காலத்தை வைத்துச் செய்யப்பட்ட பிரிவினை.

நவீன மருத்துவமனை, வருகிற நோய்க்கான கட்டமைப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் மருத்துவமனைகளில், நோய் என்பது உடலின் உறுப்புகளுக்குள் தேடிக் காணப்படும் பொருளாக மாறியதை மிஷெல் ஃபூக்கோ 1963இல் எழுதினார். அந்தப் பார்வைக்கு உடல் கட்டிலில் கிடந்தாக வேண்டும். அட்மிஷன் தொடக்கம், ஆபரேஷன் உச்சம், டிஸ்சார்ஜ் முடிவு என்று ஒழுங்கான ஒரு கதையாடல் இது. சர்க்கரை நோய்க்கு டிஸ்சார்ஜ் கிடையாது. ஆனால் உலகில் நிகழும் சாவுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதய நோய், புற்றுநோய், நீரிழிவு போன்ற தொற்றா நோய்களால் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காசு எங்கே போகிறது என்று பார்த்தால் விஷயம் துலங்கும். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1965இல் சட்டமானது. வீட்டில் தினம் போடும் மாத்திரைகளுக்கு அது பொதுவாகப் பணம் தரத் தொடங்கியது 2006இல்தான். நடமாட முடியாதவரை வருடக்கணக்கில் குளிப்பாட்டி, சோறூட்டும் பராமரிப்பை அது இன்னமும் ஏற்பதில்லை. இந்தியாவில் 2018இல் வந்த பிரதமரின் ஜன் ஆரோக்கிய யோஜனா குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆனால் படுத்தால்தான். சேர்வதற்கு முன் 3 நாள், வெளியேறிய பின் 15 நாள் செலவும் உண்டு. 16ஆம் நாள்? சர்க்கரை நோயாளியின் அழுகிய காலை எடுக்கப் பணம் இருக்கிறது. அந்தக் காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மாத்திரைக்கு அரசு மருத்துவமனை வரிசை, இல்லாவிட்டால் சொந்தக் காசு.

உள்நோயாளி, புறநோயாளி என்ற சொற்களைக் கவனியுங்கள். எதற்கு உள், எதற்குப் புறம்? கட்டிடம்தான் அளவுகோல். அதற்குப் புறம்பான வீடுதான் நாள்பட்ட நோயின் அகம். அங்கே மாத்திரையை நினைவுபடுத்துவதும், தனிச் சமையல் செய்வதும், புண் துடைப்பதும் பெரும்பாலும் பெண்கள். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கட்டிடத்தின் இந்த அதிகாரம் ஒருமுறை சென்னையிலேயே கேள்விக்குள்ளானது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு, சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களையும் நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டது. முடிவுகள் 1959இல் வெளிவந்தன: மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணம். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட இதுவும் ஒரு காரணம். ஆனால் வீட்டுக்கு வந்த சிகிச்சையோடு கண்காணிப்பின் மொழியும் வந்தது. மருந்தை இடையில் விட்டவருக்குக் கடன் கட்டாதவனைச் சொல்வது போல ‘டிஃபால்டர்’ என்று பெயர். 2013இல்தான் உலக சுகாதார நிறுவனம் இச்சொல்லைக் கைவிட்டது. கூலியை இழந்து வரிசையில் நிற்க முடியாதவரிடம் எதைத் தவணை தவறியதாகச் சொல்வது?

2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடுகளுக்குக் கொண்டுபோனது. திசை சரியானது. ஆனால் அதைச் சுமந்து போன பெண்களுக்குத் ‘தன்னார்வலர்’ என்று பெயர், கிடைத்தது ஊக்கத்தொகை.

மாரடைப்புக்கும் பிரசவத்துக்கும் கட்டில் வேண்டும்; அதற்கான போராட்டத்தை யாரும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நம் கோரிக்கைப் பட்டியல்களிலும் கட்டிடங்களே நிறைந்திருக்கின்றன. மாதம் தவறாத மருந்து, வீட்டுக்கு வரும் செவிலியருக்கு முறையான சம்பளம், பராமரிப்பவருக்கு ஓய்வு: இவற்றையும் உரிமைகளாக எழுதியாக வேண்டும்.