அறிகைப் பாணியும் கணினிவழித் தேடலும்: களச்சார்புக் கோட்பாட்டு நோக்கு

முன்னுரை

ஒரே மின்னூலகத்தில் ஒரே பொருளைத் தேடும் இரு ஆய்வாளர்களின் செயல்பாடு ஒத்தமைவதில்லை. ஒருவர் தேடற்பெட்டியில் சொல்லை இட்டு நேரே விளைவுகளை நோக்குகிறார். மற்றவர் நூற்பட்டியலில் தொடங்கி நூல், இயல், பாடல் எனப் படிப்படியாக இறங்குகிறார். இவர்களுள் காலம் மிகுதியாக எடுத்துக்கொள்பவரைக் கணினித்திறன் குறைந்தவர் எனக் கருதுவது எளிது. அக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அறிகைப் பாணி குறித்த ஆய்வுகளின்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிகைப் பாணி: விளக்கம்

தகவலைப் பெறுதல், ஒழுங்குபடுத்துதல், பயன்படுத்துதல் ஆகியவற்றில் ஒருவர் வழக்கமாகக் கைக்கொள்ளும் முறையே அறிகைப் பாணி எனப்படும். திறன் ‘எவ்வளவு’ என்னும் வினாவிற்கும் பாணி ‘எவ்வாறு’ என்னும் வினாவிற்கும் விடையாக அமைகின்றன.

இத்துறையில் அடிப்படையாக விளங்குவது அமெரிக்க உளவியலாளர் ஹெர்மன் விட்கின் வகுத்த களச்சார்புக் கோட்பாடு ஆகும். இருட்டறையில் சாய்ந்த ஒளிச்சட்டம் ஒன்றினுள் இருக்கும் கோலை நேர்குத்தாக நிறுத்துமாறு அவர் பங்கேற்பாளர்களைப் பணித்தார். சிலர் சட்டத்தின் சாய்வுக்கேற்பக் கோலையும் சாய்த்தனர். சிலர் சட்டத்தைப் பொருட்படுத்தாது கோலை நிறுத்தினர். முன்னவர் களம் சார்ந்தோர் எனவும் பின்னவர் களம் சாராதோர் எனவும் கொள்ளப்பட்டனர். சிக்கலான உருவத்தினுள் மறைந்திருக்கும் எளிய உருவத்தைக் கண்டறியும் சோதனையும் இவ்வேறுபாட்டை அளக்கப் பயன்படுகிறது.

பிரித்தானிய அறிஞர் கார்டன் பாஸ்க் 1970களில் கற்போரை முழுமை நோக்கர், தொடர் நோக்கர் என இருவகைப்படுத்தினார். முன்னவர் முதலில் பொருளின் பரப்பைக் காண்பர். பின்னவர் ஒரு கூற்றைத் தெளிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்வர்.

கணினிப் பயன்பாட்டில் பாணியின் தாக்கம்

அச்சுநூலின் பக்கவரிசை வாசகரை நெறிப்படுத்துகிறது. மீயுரையில் அவ்வரிசை இல்லாமையால் வழியைத் தேரும் பொறுப்பு பயனரையே சார்கிறது. எனவே பாணி வேறுபாடு இங்கு வெளிப்படையாகத் தோன்றுகிறது.

நைஜல் ஃபோர்டு, ஷெர்ரி சென் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் முதுநிலை மாணவர் 65 பேர் மீயூடக அமைப்பின்வழி இணையப்பக்கம் உருவாக்கக் கற்றனர். களச்சார்பு நிலை அவர்கள் மேற்கொண்ட உலாவல் உத்தியுடன் தொடர்புற்றிருந்தது. முன்னனுபவமோ உலாவலின் அளவோடும் கற்றல் விளைவோடும் தொடர்புற்றிருந்தது. அதாவது, பாணி வழியை வேறுபடுத்தியது. பெற்ற பயனில் முன்னனுபவத்தின் பங்கு புலப்பட்டது. மெதுவாகச் செல்பவர் திறனற்றவர் என்னும் முடிவை இவ்வாய்வு ஐயத்திற்குரியதாக்குகிறது.

எனினும் அமைப்பின் வடிவம் பொருட்படுத்தத்தக்கதே. அவ்விருவரின் 2001ஆம் ஆண்டு ஆய்வில், பாணிக்குப் பொருந்திய வடிவில் கற்றோர் பொருந்தா வடிவில் கற்றோரைவிட மேம்பட்டு விளங்கினர். ஆயின் இவ்விளைவு எல்லாவகைக் கற்றலிலும் ஒருபடித்தாக அமையவில்லை.

தமிழ் மின்பனுவல்களில் பொருத்திப் பார்த்தல்

மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம் முதலியவற்றைப் பயன்படுத்தும் ஆய்வாளருக்கும் இச்சிக்கல் உரியது. சங்கப் பாடல் அடியொன்று தேடல் விளைவாகத் தனித்துத் தோன்றும்போது திணை, துறை, கூற்று ஆகியன உடன் வாராமல் போகலாம். சூழலைக் கொண்டு பொருள் உணர்பவருக்கு அவ்வடி பயன் தருவது அரிது. அவர் மீண்டும் பாடலின் தலைப்புக்குச் செல்ல நேர்கிறது. அதனால் ஆகும் காலத்தாழ்வுக்குக் காரணம் அமைப்பின் குறையேயன்றிப் பயனரின் குறையன்று.

பாணியால் விளக்க இயலாத இடர்ப்பாடும் உண்டு. எழுத்துவரிசையை மட்டும் ஒப்பிடும் தேடலில் ‘கடல்’ என இட்டால் ‘கடற்கரை’, ‘கடலும்’ ஆகியன அகப்படா. புணர்ச்சி விதி அறிந்த ஆய்வாளர் ‘கட’ எனச் சுருக்கியும், திரிந்த வடிவங்களைத் தனித்தனியே இட்டும் தேடுவார். இங்கு வெற்றியைத் தீர்மானிப்பது இலக்கண அறிவு. அதனைப் பாணியின்மேல் ஏற்றுதல் பிழையாகும்.

மறுப்புகளும் வரையறைகளும்

ஜார்ஜ் ஹூபர் 1983இல் எழுதிய கட்டுரையில், அறிகைப் பாணி ஆய்வுகள் தகவல் அமைப்பு வடிவமைப்புக்குப் போதிய அடிப்படை ஆகா என வாதிட்டார். மறைந்த உருவத்தைக் கண்டறியும் சோதனையில் சரியான விடை உண்டு. எனவே அது பாணியை அன்றித் திறனையே அளக்கிறது என்னும் மறுப்பும் வலுவானது. இம்மறுப்புகளை நோக்க, சோதனை மதிப்பெண்ணைக் கொண்டு பயனர்களை வகைபிரித்து வகைக்கோர் அமைப்பை வழங்குதல் ஏற்புடையதன்று. ஒரே அமைப்பில் இருவழிகளையும் திறந்துவைத்தலே தக்கது. வழிநூல் வகைகளுள் தொகுத்தல், விரித்தல் ஆகியவற்றோடு இரண்டும் இணைந்த தொகைவிரியையும் தொல்காப்பியம் கூறுகிறது. மின்னூலகத்தின் அமைப்பும் தொகைவிரியாக, பரப்பைக் காட்டும் பட்டியலும் சொல்லை நேரே காட்டும் தேடலும் ஒருங்கே உடையதாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

அறிகைப் பாணி பயனர் செல்லும் வழியை வேறுபடுத்துகிறது. பெறும் பயனில் முன்னனுபவம், பொருளறிவு, அமைப்பின் வடிவம் ஆகியனவும் பங்குகொள்கின்றன. ஆதலின் கணினிவழிச் செயல்பாட்டை விரைவு ஒன்றனால் மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. தேடல் விளைவு ஒவ்வொன்றுடனும் திணை, துறை, கூற்றுக் குறிப்புகளை இணைப்பதும் புணர்ச்சி வடிவங்களைத் தேடலில் உட்படுத்துவதும் தமிழ் மின்பனுவல் தளங்கள் முதற்கண் மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும்.