சீனியை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்குமா?

கெடாவில் கரங்கான் பக்கத் தோட்ட வீடுகளில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், வாட்சாப்பில் யோசனை வந்துவிடும்: "அக்கா, சீனிய அடியோட நிறுத்துங்க, சோறும் வேணாம், கட்டி தானா கருகிடும்." முதலில் தேத்தண்ணி நிற்கும், அப்புறம் சோறு. பிறகு உடம்பே நிற்க மாட்டேன் என்கிறது. சினைப்பைப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கு இந்த யோசனை செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

யோசனைக்கு ஒரு வேர் உண்டு, மறுக்கவில்லை. 1920-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க், புற்றணுக்கள் குளுக்கோஸை அள்ளி உறிஞ்சுவதையும், ஆக்சிஜன் இருந்தும் அதை முழுக்க எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கித் தள்ளுவதையும் கண்டார். ஆனால் வாய்க்குச் சீனி போகாவிட்டாலும், ரத்தத்தில் குளுக்கோஸ் வற்றாமல் கல்லீரல் பார்த்துக்கொள்ளும்.

அதைவிட முக்கியம், சினைப்பைப் புற்று குளுக்கோஸை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. ஆட்டுக்குடல் கழுவியவர்களுக்கு அதோடு வலைபோல் வரும் வெள்ளைக் கொழுப்பைத் தெரியும். நம் வயிற்றிலும் அது குடலை மூடித் தொங்குகிறது. சினைப்பையிலிருந்து உதிரும் புற்றணுக்கள் விரும்பி ஒட்டுவது அங்கேதான். ஏன் என்பதற்குச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எர்ன்ஸ்ட் லெங்கியெல் குழு 2011-இல் விடை சொன்னது. புற்றணுக்கள் பக்கத்திலிருக்கும் கொழுப்பணுக்களில் சேர்ந்திருக்கும் கொழுப்பைக் கரையவைத்து, வெளிவரும் கொழுப்பமிலங்களை எரித்து வளர்கின்றன. அந்தக் கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதம் இல்லாத எலிகளில் பரவல் வெகுவாகக் குறைந்தது. 2014-இல் ஹூஸ்டனில் தீபக் நாக்ரத் குழு, வேகமாக ஊடுருவும் சினைப்பைப் புற்றணுக்கள் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைச் சார்ந்திருப்பதைக் காட்டியது.

மருந்துக்கு மசியாத குணத்துக்கும் இந்தத் தீனிக்கும் தொடர்பு உண்டு. முதல் கீமோ சிகிச்சையில் பெரும்பாலும் கொடுப்பது கார்போபிளாட்டின் என்ற பிளாட்டின மருந்தும் பக்லிடாக்சலும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு சுற்று. பலருக்குக் கட்டி நன்றாகவே சுருங்கும். முற்றிய நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். 6 மாதத்துக்குள் வந்தால் பிளாட்டினத்துக்கு அடங்காதது என்பார்கள். தப்பிய அணுக்களில் சில குளுட்டமினிலிருந்து குளுட்டதயோனைச் செய்து குவிக்கின்றன. அது பிளாட்டினத்தைப் பிடித்து வெளியேற்றிவிடும். வேறு சில, கொழுப்பை எரிக்கும் வழிக்கு மாறிக்கொண்டு பிழைக்கின்றன. ஒரு தீனியை அடைத்தால் இன்னொன்றைத் தேடிப் போகும் சாமர்த்தியம் இந்தப் புற்றுக்கு.

நம்மில் பலர் வீட்டில் இருக்கும் இனிப்பு நீர் மாத்திரை மெட்ஃபார்மினையும் இந்தப் புற்றுக்குச் சோதித்தார்கள். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 38 பெண்களிடம் முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் மாத்திரை இல்லாமல் சிகிச்சை பெற்ற குழுவை உடன் வைத்துப் பார்க்கவில்லை. அதை நம்பி அண்ணன் மாத்திரையைத் தங்கை எடுத்து விழுங்குவது வைத்தியமாகாது.

சோற்றைக் குறைத்தால் கட்டி இளைக்காது, அக்காதான் இளைப்பார். எடையும் ரத்த அணுக்களும் இறங்கினால் அடுத்த கீமோ தள்ளிப்போகலாம். சுங்கை பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ சிகிச்சைக்குப் போகிறவர்கள், என்ன சாப்பிடுகிறோம், எதை நிறுத்தினோம் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி உணவியல் அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.